பூஜ்யத்தில் நின்ற எண்

நீரேற்று நிலையத்தின் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டியபோது வாட்ச்மேன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பேச ஆள் கிடைத்தால் சுலபத்தில் விடுகிறவர் இல்லை அவர்.

“என்ன வேலைம்மா?”

“கன்வெர்ட்டர் மாத்தணும். ஆத்தங்கரை வால்வுலேருந்து ஒரு லைன் வருதுல்ல, அதை இனிமே ஆபீஸ்லயும் உக்காந்து பாப்பாங்களாம்.”

“எட்டு மாசம் கழிச்சு இப்பதான் ஞானம் வந்துச்சாக்கும்” என்றார் வாட்ச்மேன். “ஆள் போய்ச் சேந்தப்புறம்.”

அவளை அந்த வட்டாரத்து நீரேற்று நிலையங்களில் லைன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கருவிப்பை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிக் கயிறு. போகிற இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. இங்கே கேட்காமலே வந்தது.

“பெரியவன் கிணத்துல இறங்கி வலையைச் சுத்தம் பண்றான். சின்னவன் மேல உக்காந்து நம்பரைப் பாக்கணும். அம்புட்டுத்தான் வேலை. அதையும் பாக்கல. தூங்கினானோ, போனை நோண்டிட்டு இருந்தானோ. விசாரணையில அப்படித்தான் எழுதியிருக்காங்க. நான் சொல்லலம்மா, காகிதம் சொல்லுது.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் கேட்லல்ல இருந்தேன்.” பேனாவை இப்போது வாங்கிக்கொண்டார். “அந்த வீட்டுலயேதான் இருக்கான். அண்ணன் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிக்கிறானோ.”

மழை பிடிக்கப் போகிற மாதிரி வானம் காலையிலிருந்தே கவிந்து கிடந்தது. கேட்டிலிருந்து சிமென்ட் பாதை, இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புல். பாதை முடிகிற இடத்தில் பம்பு அறை, அதை ஒட்டிக் கட்டுப்பாட்டு அறை. கட்டுப்பாட்டு அறையின் பின்சுவர்தான் ஆபரேட்டர் வீட்டின் அடுப்படிச் சுவர். இருபதடி தள்ளிக் கிணறு. ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாக அதில் வந்து விழும். பம்பு அங்கிருந்து ஊருக்கு ஏற்றும். கிணற்றின் இரும்பு மூடிமேல் இப்போது புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. மூடியின் ஓரத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வெயிலில் வெளுத்து, பட்டையில் பாசி படிந்திருந்தது. எடுத்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை போலிருந்தது.

சின்னவன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது. அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றான். ஆனால் கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை.

“வாங்க மேடம். ஆபீஸ்லேருந்து சொன்னாங்க.”

“மேடம்லாம் வேணாம். அக்கான்னு சொல்லு. டேபிளைக் கொஞ்சம் நகத்து தம்பி.”

திரையைப் பார்த்தபடியே நகர்த்தினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சதுரம், அதில் சிவப்பாக 60. ஆற்றங்கரை வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எண் அது. நூறென்றால் முழுத் திறப்பு, பூஜ்யம் என்றால் மூடல். அந்த எண்ணை முந்நூறு மீட்டர் தூரத்திலிருந்து இரண்டே கம்பிகள் சுமந்து வந்தன. அந்தக் கம்பிகளின் பேச்சைத் திரைக்குப் புரிகிற பேச்சாக மாற்றுவது பேனலுக்குள் இருந்த பழைய கன்வெர்ட்டர்.

அவள் பேனல் கதவைத் திறந்தாள். திறந்தவள் சிரித்துவிட்டாள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளை டேப் துண்டுகள், அவற்றில் பேனா எழுத்து. முதல் பம்பு சுவிட்சில் ‘மாமனார்’. இரண்டாவதில் ‘மாமியார் – கையை வைத்தால் பேசுவாள்’. காற்றாடி விசையில் ‘ஆடு, விழாதே’. வெளியிலிருந்து வந்த இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வந்து கன்வெர்ட்டரில் ஏறின. ஒன்றில் ‘அண்ணன்’, இன்னொன்றில் ‘தம்பி’.

“யாரு எழுதினது?”

“அண்ணன்தான். வீட்டுலயும் இப்படித்தான். சர்க்கரை டப்பாவுல ‘எறும்புக்கு மட்டும்’னு எழுதி வெச்சிருக்கும். அண்ணி இன்னும் கிழிக்கல.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கேட்டில் கேட்டது நினைவுக்கு வந்தது. சின்னவனின் உதடு ஏதோ முணுமுணுத்து நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அசைந்தது. சத்தம் இல்லை.

“ஏதாவது சொன்னியா?”

“இல்லக்கா.”

புதிய கன்வெர்ட்டரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, பேனலின் இரும்புப் பட்டையில் இடம் பார்த்து மாட்டினாள். அதற்கு மின்சாரம் வரும் கம்பியைப் பிரித்து, முனை சீவினாள். அவன் பக்கத்திலேயே நின்றான். கேட்கவும் வேண்டும், கேட்கவும் பயம் என்கிற மாதிரி ஒரு நிற்பு.

“அக்கா, இந்தப் பழைய பெட்டி எதையாவது ஞாபகம் வெச்சிருக்குமா? எந்த நாள்ல என்ன நம்பர் காட்டுச்சுன்னு?”

“இதுக்கு அந்த அளவுக்கெல்லாம் மூளை கிடையாது தம்பி. வந்ததைக் காட்டும். அவ்வளவுதான்.”

“அப்ப யாருக்குமே தெரியாது” என்றான்.

அவள் கையில் சீவுளியோடு காத்திருந்தாள். அவன் திரையிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

“வால்வை மூடினோம். பூஜ்யம் வந்துச்சு. அண்ணன் இறங்குச்சு. நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் இந்த ஜன்னல் வழியா ‘பூஜ்யம்ணே’ன்னு கத்தணும். கீழேயிருந்து அது ‘ம்’ங்கும். அதான் எங்க முறை. நம்பரை விட்டுக் கண்ணை எடுத்தே, காதைத் திருகிடுவேன்னு சொல்லி வெச்சிருந்துச்சு. எடுக்கல. சத்தியமா எடுக்கல. கத்திட்டே இருந்தேன். நடுவுல ‘ம்’ வரல.”

“எழுந்து பாக்கலாம்ல?”

“அண்ணனுக்கு அதே வேலைக்கா. பாதியில பேச்சை நிறுத்திடும். நான் பயந்து ஓடிப் போய் எட்டிப் பாத்தா, கீழ நின்னு பல்லைக் காட்டும். ‘யாருடா நம்பரைப் பாக்கறது?’ன்னு கேக்கும். மூணு தடவை ஏமாந்திருக்கேன். நாலாவது தடவை ஏமாறக்கூடாதுன்னு உக்காந்தே கத்தினேன்.”

முதல் துளிகள் கூரைத் தகரத்தில் விழுந்து நின்றன. பம்பு அறையின் இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கனமாக வந்துகொண்டிருந்தது.

“அப்புறம் போய்ப் பாத்தா வால்வு திறந்து கிடக்கு. கிணறு நெறஞ்சிருக்கு. அன்னைக்கு அடிச்ச மழையில தண்ணி விழுற சத்தம் தனியாக் கேக்கல. திரும்பி வந்து பாத்தேன், அப்பவும் பூஜ்யம். மறுநாள் ஆபீஸ்லேருந்து வந்து சோதிச்சாங்க, எல்லாம் கரெக்டாக் காட்டுச்சு. ‘நீ பாத்திருக்க மாட்டே’ன்னாங்க. முதல்ல பாத்தேன்னு சண்டை போட்டேன். இப்ப எனக்கே தெரியல. நான் பாத்தது பூஜ்யம்தானா? இல்ல, அறுபதைப் பாத்துட்டுப் பூஜ்யம்னு கத்தினேனா? இந்தப் பம்பு ஓடுறப்பல்லாம் ‘ம்’ ‘ம்’னு கேக்குது. அன்னைக்கு வராதது இப்ப வருது.”

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, காட்டாமல் திரும்ப வைத்தான். “மாத்தல் கேட்டு எழுதி வெச்சிருக்கேன். எங்க வேணா போறேன். போறதுக்கு முன்னாடி இதை யாராவது திறந்து பாக்கணும்னுதான் நாள் கடத்தினேன்.”

பழைய பெட்டியைக் கழற்றும் முன் அது எப்படிச் சாகிறது என்று பார்ப்பது லைன்காரம்மாவின் வழக்கம். ஆபீஸ் காகிதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. கம்பியை உருவிவிட்டால் எண் அழிய வேண்டும், கோடுகள் வர வேண்டும், மணி அலற வேண்டும். அது நடந்தால்தான் பழைய லைன் நேர்மையாக உழைத்தது என்று அவளுக்குத் திருப்தி. ‘அண்ணன்’ கம்பியின் திருகைத் தளர்த்தி உருவினாள்.

60.

கோடு வரவில்லை. மணியும் இல்லை. ‘தம்பி’யையும் உருவினாள். இரண்டு கம்பிகளும் அவள் விரலிடுக்கில் வெறுமனே நின்றன. திரையில் 60 அசையாமல் எரிந்தது.

“தம்பி, வால்வை மூட முடியுமா? அந்த பட்டன் வேற கேபிள்லதானே போகுது?”

“ஆமாக்கா.”

“அமுக்கு.”

அமுக்கினான். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கிணற்றுக்குள் விழும் தண்ணீரின் குரல் மெலிந்தது. ஒழுகலாகி, சொட்டாகி, நின்றேவிட்டது. எட்டு மாதமாக அந்த அறைக்குப் பின்னணியாக இருந்த ஓசை போனதும் அறையே பெரிதான மாதிரி இருந்தது.

60.

“அங்க மூடியாச்சு. இங்க என்ன காட்டுது?”

“அறுபது.”

“இன்னைக்கு அறுபதுல நிக்குது. அன்னைக்குப் பூஜ்யத்துல நின்னிருக்கு. ஆத்தங்கரையில கரண்ட் போயிட்டு வந்தா அந்த வால்வு திறந்துக்கிட்டுத்தான் எழும்பும். அந்த நேரம் பாத்து லைனும் விட்டிருக்கு. மறுநாள் தானா ஒட்டிக்கிச்சு. நீ சரியாத்தான் பாத்திருக்கே தம்பி. அதுதான் பாக்கல.”

சின்னவன் மெதுவாகக் கையை நீட்டி அந்தச் சிவப்பு எண்ணைத் தொட்டான். பிறகு முதல் தடவையாக அதிலிருந்து கண்ணை எடுத்து, தரையில் உட்கார்ந்தான். அழவில்லை. வெகுதூரம் சுமந்து வந்ததை எங்கே இறக்குவது என்று தெரியாதவன்போல இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அவளுக்கு வேலை முடியவில்லை. எந்தக் கம்பெனியும் கம்பி அறுந்தால் வாயை மூடிக்கொள் என்று பெட்டியை அனுப்பாது. மின்சாரமும் திரைக்குப் போகும் கம்பியும் அப்படியே இருக்க, பழைய கன்வெர்ட்டரைப் பட்டையிலிருந்து மட்டும் கழற்றி, நான்கு திருகாணிகளை எடுத்து, மூடியைத் திறந்தாள். உள்ளே நகத்தளவு வெள்ளைச் சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் லைன் போகும்போது எண் அழிந்து மணி அடிக்கும். மறுபக்கம் தள்ளினால் கடைசி எண் அப்படியே நிற்கும், மணி அடிக்காது. சுவிட்ச் மறுபக்கம் இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளை டேப் துண்டு. அதே கையெழுத்து.

‘அவ தூங்கட்டும்.’

அவள் அதைப் படித்துவிட்டுப் பெட்டியை அவன் பக்கம் சாய்த்தாள். அவன் எழுந்து வந்து படித்தான். வெகுநேரம் படித்தான், ஏதோ நீளமான கடிதம்போல.

“குட்டி பொறந்த புதுசுக்கா” என்றான் கடைசியில். “அந்த மழையில லைன் அடிக்கடி போகும். மணி அந்த அடுப்படிச் சுவர்லதான் இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அலறும். குட்டி வீறிடும். அண்ணி தூங்கியே பல நாளாச்சு. ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டாங்க. ‘இந்தச் சத்தத்தை நிறுத்துங்க, இல்லேன்னா என்னை எங்கயாவது கொண்டு விட்டுடுங்க’ன்னு. மறுநாள் அண்ணன் ‘சரி பண்ணிட்டேன்’னுச்சு. லைனைத்தான் சரி பண்ணிடுச்சுன்னு நெனச்சோம்.”

அவள் ஆபீஸுக்கு எழுத வேண்டிய படிவத்தை எடுத்தாள். அவன் அதன்மேல் கையை வைத்தான்.

“இதை எழுதாதீங்கக்கா.”

“எழுதலேன்னா பழி உன் பேர்லயேதான் இருக்கும்.”

“எட்டு மாசமா இருக்கு. எனக்குப் பழகிடுச்சு. அவங்களுக்குப் பழகாது.”

டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தான். உரித்த துண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. அதை உதறப் பார்த்தபோது கதவில் நிழல் விழுந்தது.

பெரியவனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. கையில் அரிசி கழுவிய ஈரம்.

“தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு” என்றாள். “யாரு இறங்கினது?”

“யாரும் இறங்கலம்மா” என்றாள் லைன்காரம்மா. “நான்தான் சோதிக்கிறதுக்கு மூடச் சொன்னேன்.”

வந்தவள் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டு இருந்தது. செருப்பு இருந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தாள். அந்த அறைக்கு அவள் வந்து எட்டு மாதம். கொழுந்தனுக்கு அவள் போடும் சோறு ஜன்னல் திட்டில் தட்டால் மூடி வைக்கப்படும். அவன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி அங்கேயே வைப்பான். பேச்சு அதற்கு மேல் இல்லை.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்ல அண்ணி. பழைய டேப்பு.”

“அவர் எழுத்துதானே? காட்டு.”

காட்டவில்லை. குழந்தைதான் எட்டிப் பிடித்தது. டேப் இப்போது அதன் சின்ன விரலில் ஒட்டிக்கொள்ள, அம்மா அந்த விரலைப் பிடித்துப் படித்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். திரையில் இன்னமும் நின்ற அறுபதைப் பார்த்தாள். நின்றுபோன தண்ணீரின் அமைதியைக் கேட்டாள். அவளுக்கு யாரும் விளக்கவில்லை. ஆபரேட்டர் மனைவி, ஆறு வருடம் அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருந்தவள்.

“அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்” என்றாள். “குட்டி பொறந்தப்புறம் முதல் தூக்கம். முழிச்சப்ப அவர் பக்கத்துல உக்காந்து சிரிச்சிட்டு இருந்தார். என்ன பண்ணீங்கன்னு நான் கேக்கல. தூக்கம் கிடைச்சா போதும்னு இருந்துச்சு.”

“அண்ணி, அது அண்ணனாப் பண்ணது. நீங்க…”

“இரு. இன்னொண்ணும் இருக்கு.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சு. ‘பூஜ்யம்ணே, பூஜ்யம்ணே’ன்னு. அவர் ‘ம்’ சொல்லாததும் தெரிஞ்சுது. அடுப்படியிலேருந்து கிணறு எம்புட்டு தூரம்? பத்து எட்டு. விளையாடுறாரு, நல்லா அலையட்டும் தம்பின்னு சிரிச்சுக்கிட்டே வெங்காயம் உரிச்சேன். ‘ஏன் போய்ப் பாக்கல’ன்னு உன்னை ஊரே கேட்டுச்சு. நான் ஏன் போகலேன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. உன்கூடப் பேசினா வாய்ல வந்துடும்னுதான் பேசல.”

மழை இப்போது விடாமல் பிடித்துக்கொண்டது.

லைன்காரம்மா வேலைக்குத் திரும்பினாள். அப்படிப்பட்ட நேரத்தில் கையில் வேலை இருப்பது எவ்வளவு நல்லது என்று அவளுக்குத் தெரியும். திரைக்குப் போகும் கம்பியைப் புதிய பெட்டிக்கு மாற்றி, வால்வுக் கம்பிகளின் முனையைப் புதிதாகச் சீவினாள். லைன் முடிகிற இடத்தில் எதிரொலி திரும்பாமல் இருக்கச் சின்ன மின்தடை ஒன்றை இரண்டு கம்பிக்கும் நடுவில் வைத்தாள். ‘அண்ணன்’ முதல் துளையில், ‘தம்பி’ இரண்டாவதில். திருகினாள். புதிய பெட்டியில் விளக்கு எரிந்தது. திரையில் கோடுகள் மட்டும்.

“வரலையாக்கா?” என்றான் சின்னவன்.

“ஒரு கம்பெனிக்கு முதல் கம்பி, இன்னொரு கம்பெனிக்கு ரெண்டாவது. மாத்தி மாட்டணும்.”

மாற்றினாள். அண்ணன் இருந்த இடத்தில் தம்பி. கோடுகள் மறைந்து சிவப்பாக 0 வந்தது. அவன் வால்வைத் திறக்க, எண் பத்தாகி, முப்பதாகி, அறுபதில் வந்து நின்றது. கிணற்றுக்குள் தண்ணீரின் குரல் கூடவே திரும்பி வந்தது.

“ஆத்தங்கரையில லைன்ல ஒரு மூட்டு நனையுது. நாளைக்கு அதை அறுத்துட்டுப் புதுசு போடறேன்” என்றாள் லைன்காரம்மா. “இப்ப ஒண்ணு கேக்கணும். லைன் போனா நம்பர் அழிஞ்சிடும், அதை நான் மாத்த மாட்டேன். ஆனா வீட்டுப் பக்கத்து மணி வேணும்னா வைக்கலாம், வேணாம்னா இந்த ரூமுக்குள்ளேயே போட்டுடலாம்.”

“வீட்டுப் பக்கமே வைங்கக்கா” என்றாள் பெரியவனின் மனைவி.

“குட்டி முழிச்சுக்கும்.”

“முழிக்கட்டும். நானும் முழிச்சுக்கறேன்.” கதவருகே நின்று திரும்பினாள். “அந்தக் காகிதத்துல உள்ளதை உள்ளபடி எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க.”

அவள் வீட்டுக்குப் போனதும் லைன்காரம்மா மணியின் கம்பியைப் பிடித்து முடித்தாள். பிறகு ஒரு கம்பியை உருவினாள். திரையில் எண் அழிந்து கோடுகள் வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் மணி அலறியது. இரண்டு வருடத் தூசியைத் துப்பிக்கொண்டு கரகரத்து எழுந்த அலறல்; இந்த அறையில் பாதிதான் கேட்டது.

“அங்க நல்லாக் கேக்குதான்னு கேளு தம்பி.”

சின்னவன் திரையைப் பார்த்தபடி, பழைய ஜன்னல் பக்கம் முகத்தைப் பாதி மட்டும் திருப்பிக் கத்தினான்.

“கேக்குதா அண்ணி?”

பதில் இல்லை. மழையும் மணியும்.

“அண்ணி! கேக்குதா?”

பதில் இல்லை. மூன்றாவது தடவை கத்த வாயைத் திறந்தவன், கத்தவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. திரையையும் கோடுகளையும் விட்டுவிட்டு மழைக்குள் ஓடினான். கிணற்றைத் தாண்டி, செருப்பைத் தாண்டி, அடுப்படி வாசல் வரைக்கும்.

அவள் மணிக்குக் கீழேயே நின்றிருந்தாள். குழந்தை அவள் தோளில் முகம் புதைத்து வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. உள்ளேதான் நின்றிருந்தாள், மழை இல்லை. ‘கேக்குது’ என்று சொல்ல வாய் திறந்து திறந்து மூடியது.

சின்னவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“நம்பரை யாரு பாக்கறா?” என்றாள், கடைசியாக.

“யாருமில்ல அண்ணி.”

“சரி” என்று குழந்தையை அவனிடம் நீட்டினாள். “பிடி. சோறு பொங்குது.”

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். கட்டுப்பாட்டு அறையில் லைன்காரம்மா உருவிய கம்பியை விரலில் பிடித்தபடி நின்றாள். திருகைத் தளர்த்தித்தான் வைத்திருந்தாள். செருகினால் மணி நின்றுவிடும். இன்னும் கொஞ்ச நேரம் அலறட்டும் என்று விட்டுவிட்டாள்.